வடபுலத்து மலைவழியில் மோட்டார் சைக்கிள் பயணம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே நமது வழக்கம். இம்முறை மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, இது தமிழ்ச் சங்க மேடைக்கு ஏற்ற பொருள்தானா என்று சிலர் ஐயுற்றனர். ஆனால் அதற்குரிய காரணம் இங்கே வீற்றிருக்கும் எல்லோரும் அறிந்ததே. நமது காலனி இளைஞர் நால்வர் வரும் செப்டம்பர் மாதத்தில் லடாக் பகுதிக்கு மோட்டார் சைக்கிளில் செல்ல விரும்புகின்றனர். இரண்டு வீடுகளில் "போகவே கூடாது" என்று தீர்ப்பாகிவிட்டது. மற்ற இரண்டு வீடுகளில் "எப்படியோ போய் வா" என்று அரை மனத்தோடு இசைவு கிடைத்திருக்கிறது.

இவ்விரண்டு விடைகளும் பொருந்தா என்பது என் எளிய கருத்து. முதல் விடை ஆசையை மறைத்துவைக்கக் கற்பிக்குமே அன்றி, அதனை நீக்காது. இரண்டாம் விடை பெரியவர்களின் பொறுப்பைக் கைகழுவுவதாகும். "என்னென்ன ஏற்பாடு செய்திருக்கிறாய், சொல்" என்று கேட்பதே சரியான விடை. அவ்வழியில் இருமுறை சென்று வந்தவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, அந்த ஏற்பாடுகள் எவை என்பதைச் சொல்ல முன்வந்துள்ளேன்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை அரசர்க்குச் சொல்லப்பட்டவையே ஆயினும், பயணம் புறப்படுவோர்க்கும் அவற்றைவிடச் சிறந்த பகுப்பு வேறில்லை. என் வசதிக்காக வரிசையை மட்டும் மாற்றி, இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

இடம்

லடாக் 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31 முதல் தனி யூனியன் பிரதேசமாக விளங்குகிறது. அதன் பெருநகரான லே, சிந்து நதிப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், அதாவது 11,500 அடி உயரத்தில் அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். நாம் உதகைக்குச் சென்று, கம்பளி போர்த்துக்கொண்டு, அச்சிகரத்தின் மீது நின்று பெருமிதம் கொள்கிறோமே, அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது கார்கில் நகரின் கடைத்தெரு. அங்கிருந்துதான் லடாக்கின் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது.

லே நகரை அடையப் பெருவழிகள் இரண்டு. ஒன்று ஸ்ரீநகரிலிருந்து ஜோஜி லா, கார்கில் வழியாகச் செல்வது. மற்றொன்று மணாலியிலிருந்து கேலாங், சர்ச்சு வழியாகச் செல்வது. 'லா' என்பது அந்நாட்டு மொழியில் கணவாய் என்று பொருள்படும். இரண்டும் ஏறத்தாழ 420 முதல் 430 கிலோமீட்டர் வரை நீளமுடையவை. தூரத்தில் சமமான இவை தன்மையில் வேறானவை.

ஸ்ரீநகர் வழியில் ஜோஜி லா 3,528 மீட்டர். மிக உயர்ந்ததான போத்து லா 4,108 மீட்டர். வழிநெடுகச் சிற்றூர்கள் உள்ளன. மணாலி வழியிலோ பாரலாச்சா லா 4,890 மீட்டர், லாச்சுங் லா 5,059 மீட்டர், தக்லங் லா 5,328 மீட்டர் என்று கணவாய்கள் ஒன்றைவிட ஒன்று உயர்ந்து நிற்கின்றன. தார்ச்சா என்னும் ஊரைக் கடந்தபின், ரும்ட்ஸே வரும்வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தூரத்துக்கு நிலையான ஊர் என்பதே கிடையாது. கோடைக்காலத்தில் மட்டும் போடப்படும் கூடாரங்களும், சாலைப் பணியாளர்களின் குடியிருப்புகளும், இராணுவ முகாம்களுமே உண்டு. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை, மணாலியிலிருந்து ரோதங் கணவாயைத் தவிர்த்துச் செல்ல வழி செய்து, 46 கிலோமீட்டர் தூரத்தைக் குறைத்துவிட்டது. அது பெரிய வசதி. ஆனால் உயரத்தில் ஏறும் வேகத்தையும் அது கூட்டிவிட்டது என்பதை மறக்கலாகாது.

உயரத்தில் அப்படி என்ன இடர் என்று தாய்மார்கள் கேட்கலாம். மலையுச்சிக் காற்றிலும் பிராணவாயு நூற்றுக்கு இருபத்தொரு பங்குதான். அந்த விகிதம் மாறுவதில்லை. காற்றின் அழுத்தம் குறைகிறது. லே நகரில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு; தக்லங் லாவில் ஏறத்தாழப் பாதி. ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவில் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையதுதான். ஆயினும் அதற்கு நாட்கள் வேண்டும். வயதும் வலிமையும் அந்த நாட்களைக் குறைப்பதில்லை. நாள்தோறும் உடற்பயிற்சி செய்யும் கட்டிளங்காளை படுத்துவிட, ஐம்பது வயதுக்காரர் தேநீர் அருந்திக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சி அங்கே அரிதன்று.

எனவே, முதன்முறை செல்வோர் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவதே நலம் என்பேன். இரவு தங்கும் இடங்களின் உயரத்தைக் கவனியுங்கள்: ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,676 மீட்டர், லே 3,500 மீட்டர். படிக்கட்டில் ஏறுவது போல் இருக்கிறது. மணாலியிலிருந்து புறப்படுவோர் பலர், 2,050 மீட்டர் உயரத்தில் ஓரிரவு உறங்கி, மறுநாள் இரவே 4,290 மீட்டர் உயரமுள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் உறங்குகின்றனர். அங்கே ஒரு பெரும் பொறி உள்ளது. சர்ச்சு இரு கணவாய்களுக்கு நடுவே அமைந்த இடம். அங்கே நள்ளிரவில் ஒருவர்க்கு நோய் கண்டால் கீழே இறக்க வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் சென்றாலும் முதலில் மேலே ஏறித்தான் பிறகு இறங்க முடியும். வேறு வழியின்றி மணாலி வழியாகவே ஏற நேர்ந்தால், 3,100 முதல் 3,200 மீட்டர் வரை உயரமுள்ள கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவுகள் தங்கிய பின்னரே மேலே செல்ல வேண்டும்.

காலம்

இரண்டாவது காலம். இதனைப் பருவம், நாள், வேளை என்று மூன்றாகப் பகுக்கலாம்.

பருவம்: மணாலி–லே பாதை பொதுவாக மே மாதக் கடைசியிலோ ஜூன் மாதத்திலோ திறக்கப்பட்டு, அக்டோபர் வரை நடைபெறும். ஜூனில் பனிச்சுவர்கள் இருபுறமும் நிற்க, உருகும் பனிநீர் சாலையைக் கடந்து ஓடும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் லடாக்கில் மழை குறைவே எனினும், அதற்கு முன்னுள்ள குலு, மணாலிப் பகுதிகளில் பருவமழை கொட்டி மலைச்சரிவுகள் நிகழும். 2023ஆம் ஆண்டு ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் அப்பகுதிச் சாலைகளை அடித்துச் சென்றதை நாம் அறிவோம். மழை அரிய லே நகரிலேயே 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரே இரவில் மேகவெடிப்பு நேர்ந்து, பலர் உயிரிழந்தனர். செப்டம்பரில் வானம் தெளிந்திருக்கும், நீரோடைகள் வடிந்திருக்கும், இரவுக் குளிர் மட்டும் கடுமையாக இருக்கும். நமது இளைஞர்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவே.

வேளை: மலைப்பாதையில் குறுக்கிடும் ஓடையை அங்கே 'நாலா' என்பர். காலையில் அதில் கணுக்கால் அளவு நீர் ஓடும். வெயில் ஏறப் பனி உருகுவதால், பிற்பகலில் அதே ஓடையில் முழங்கால் அளவுக்குமேல் ஓடலாம். அடியில் உருளும் கற்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் விடியற்காலையில் புறப்பட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்வது என்பதை விதியாகக் கொள்ள வேண்டும். மாலையில் மலைக்காற்றும் வலுக்கும். இருட்டியபின் ஓட்டுவது கூடவே கூடாது.

நாள்: இதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தியின் உயிர்நிலை. நம் இளைஞர்கள் ஒன்பது நாள் விடுப்பில் போய்வரத் திட்டமிட்டிருப்பதாக அறிந்தேன். அவர்கள் வகுத்த அட்டவணையையும் பார்த்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஊர் உண்டு, தூரம் உண்டு, புகைப்படம் எடுக்க வேண்டிய இடமும் உண்டு. ஆனால் எந்த ஊரும் எழுதப்படாத நாள் ஒன்றுகூட இல்லை.

இருப்புப்பாதைத் துறையில் ஊழியம் செய்வோர் நிறைந்த சபை இது. நம் துறையில் வண்டிகளின் காலக்குறிப்பை எவ்வாறு வகுக்கின்றனர் என்பதை நினைவூட்டுகிறேன். இரு நிலையங்களுக்கிடையே வண்டி ஓட எத்தனை நிமிடம் வேண்டும் என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. பாதையில் வேலை நடந்தால் மெதுவாகச் செல்ல வேண்டியிருக்கும் என்று சில நிமிடங்களைக் கூட்டுகின்றனர். நேர்ந்த தாமதத்தை ஈடுசெய்வதற்கென்று மேலும் சில நிமிடங்களைக் கூட்டுகின்றனர். வழியெல்லாம் பிந்தி வந்த வண்டி கடைசி நிலையத்தில் குறித்த நேரத்துக்கு வந்து சேரும் விந்தையைக் கண்டு பிரயாணிகள் சிரிப்பதுண்டு. அந்தச் சில நிமிடங்கள் இல்லையேல், ஓட்டுநர் வேகத்தைக் கூட்டித்தான் தாமதத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கும். இரும்புத் தண்டவாளத்தின் மீது, சைகைகளின் காவலில் ஓடும் வண்டிக்கே இந்த ஏற்பாடு வேண்டுமெனில், சரளைக் கல்லின் மீது இரண்டு சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு எவ்வளவு வேண்டும்?

மலையில் விபத்துக்குள்ளாகும் வண்டிகளில் மெத்தக் குற்றமுள்ளது வண்டியோ சாலையோ அன்று. "திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்" என்ற எண்ணமே என்பது என் துணிபு. அந்த எண்ணம்தான் தலைவலியோடு கணவாய் ஏறச் செய்கிறது. பிற்பகல் ஓடையில் இறங்கச் செய்கிறது. இருட்டில் ஓட்டச் செய்கிறது. ஆதலால் அம்பாலாவிலிருந்து ஜம்முவுக்கு ஒரு நாள், ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு ஒரு நாள், அங்கே ஒரு நாள் ஓய்வு, கார்கிலுக்கு ஒரு நாள், லே நகருக்கு ஒரு நாள், அங்கே வண்டியைத் தொடாமல் இரு நாள் ஓய்வு, நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போய்வர இரு நாள், மீண்டும் லே நகரில் ஒரு நாள், இறங்கும் வழியில் மணாலி வரை மூன்று நாள், வீடு வந்து சேர ஒரு நாள் என்று பதினான்கு நாள் வகுத்துக்கொண்டு, அதன்மேல் எதுவும் எழுதப்படாத மூன்று நாட்களைச் சேருங்கள். மொத்தம் பதினேழு. அத்தனை நாள் விடுப்பு இவ்வாண்டு கிடைக்காதெனில், லே வரை போகாதீர்கள். கேலாங் வரை சென்று திரும்புங்கள். அதுவும் கண்கொள்ளாக் காட்சிதான்.

வலி

மூன்றாவது வலி. உடலின் வலி, வண்டியின் வலி, சுமையின் அளவு ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

உடலைப் பொறுத்தவரை, புறப்படும் முன் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது. இருதயக் கோளாறு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளோர் அவர் சொற்படியே முடிவு செய்ய வேண்டும். உயரத்துக்கு உடலைப் பழக்க உதவும் அசெட்டசோலமைடு என்னும் மாத்திரையைப் பலரும் தாமே வாங்கி விழுங்குகின்றனர். அது எல்லோர்க்கும் ஒத்துக்கொள்ளும் மருந்தன்று. மருத்துவர் எழுதித் தந்தாலன்றித் தொடலாகாது. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் இடையே உறங்கும் உயரத்தை ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதும் மருத்துவர்கள் வகுத்த பொது விதி. தண்ணீர் தாராளமாக அருந்த வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் அறவே ஆகா.

தலைவலி, பசியின்மை, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இவை தோன்றினால் மேலே ஏறக் கூடாது. அங்கேயே தங்க வேண்டும். தணியாவிடில் இறங்க வேண்டும். சும்மா அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நுரையோடு இருமல், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம் ஆகியவை இரண்டாம் வகை. குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு சேர்த்து வைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். நடக்க இயலாதவரை ஒரு நிமிடமும் தாமதியாமல் கீழே இறக்க வேண்டும். பிராணவாயு உருளை கைவசம் இருந்தால் அது இறக்குவதற்குத் துணையாகுமே அன்றி, இறக்குவதற்கு மாற்றாகாது. லே நகரின் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனையில் இந்நோயைக் கண்டு பழகிய மருத்துவர்கள் உள்ளனர். வழியிலுள்ள இராணுவ முகாம்களும் ஆபத்துக்கு உதவத் தயங்குவதில்லை.

அடுத்தது வண்டி. இதில் நம்மவர்க்கு ஒரு தனி உறவு உண்டு. 1950களில் எல்லைக் காவலுக்கென நம் இராணுவம் புல்லட் மோட்டார் சைக்கிள்களை நாடியது. அதன் பயனாக 1955இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ராயல் என்பீல்டு தொழிற்சாலை தோன்றியது. கடற்கரையில் உருவான வண்டி இமயத்தின் கணவாய்களில் ஓடுவதைக் காணுந்தோறும் எனக்கு ஓர் உவகை பிறப்பதுண்டு. ஆயினும் எந்த நிறுவனத்து வண்டியாயினும் ஒன்றே, பராமரிப்பே முக்கியம்.

காற்று குறைந்தால் மனிதனுக்கு மூச்சு வாங்குவது போலவே எஞ்சினுக்கும் வாங்கும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் காற்று குறைந்து பெட்ரோல் மிகுவதால், எஞ்சின் திணறும், கரும்புகை வரும். பெட்ரோலை அளந்து பீய்ச்சும் புதிய வண்டிகள் அதைத் தாமே சரிசெய்துகொள்ளும். எந்த வண்டியானாலும் கணவாயில் அதன் ஆற்றல் கணிசமாகக் குறையும். அதற்காகக் காற்று வடிகட்டியைக் கழற்றிவிடும் 'கைவைத்தியம்' வேண்டாம். தூசி புகுந்து எஞ்சின் பாழாகும்.

புறப்பட ஒரு மாதம் முன்னரே டயர், செயின், பிரேக் கட்டைகள், பேட்டரி ஆகியவற்றைப் பார்த்து, தேய்ந்தவற்றை மாற்றி, புதியவற்றோடு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் பிரேக் பிடிகள், ஸ்பார்க் பிளக், பியூஸ், செயின் இணைப்பு, டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஒரு லிட்டர் எஞ்சின் எண்ணெய் ஆகியவை உடன் இருக்க வேண்டும். மாற்றுக் கிளட்ச் கேபிளைப் பெட்டிக்குள் வையாமல், இப்போதுள்ள கேபிளை ஒட்டியே வண்டியில் ஓட்டிக் கட்டிவிடுங்கள். அறுந்துபோனால் இரு முனைகளை மாற்றினால் போதும்; குளிரில் விறைத்த விரல்களோடு அரை மணி நேரம் போராட வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டி மாட்டும் பயிற்சியை நம் காலனித் தெருவிலேயே மும்முறை செய்து பார்க்க வேண்டும். கருவி வைத்திருப்பவனுக்கும் கருவியைக் கையாளத் தெரிந்தவனுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் விளங்கும்.

பெட்ரோலைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேலாங்குக்கு முன்னுள்ள தாண்டி என்னும் இடத்தில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்ற அறிவிப்புப் பலகை நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. லே நகருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் இப்பால் காரு என்னுமிடத்தில் ஒரு நிலையம் உண்டு. அதைக் கொண்டாலும் 330 கிலோமீட்டர். சமவெளியில் லிட்டருக்கு 32 கிலோமீட்டர் தரும் வண்டி, சுமையோடு மலையேறும்போது 25 தந்தால் மகிழலாம். பதின்மூன்று லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு 325 கிலோமீட்டர்தான் வருகிறது. ஐந்து கிலோமீட்டர் போதாது! புதிய நிலையங்கள் திறக்கப்பட்டாலும் அங்கே இருப்புத் தீர்ந்திருக்கலாம். ஆதலின் வழியில் எதுவும் இல்லை என்றே எண்ணி, நன்கு மூடும் உலோகக் கலத்தில் ஐந்து லிட்டர் உபரியாகக் கொண்டு செல்ல வேண்டும்.

இனி, சுமை. மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமை மோட்டார் சைக்கிளுக்கு நேரே பொருந்தும். கனமான பொருள்களை இருக்கையின் இருபுறமும் தாழ்வாகக் கட்ட வேண்டும். மேலே அடுக்கினால் வளைவில் வண்டி சாயும். முகம் முழுதும் மூடும் தலைக்கவசம், முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு, உள்ளே அணியும் வெப்ப ஆடை, மழை உடை, நீர் புகாத காலணி, இரண்டு இணை கையுறை, கம்பளிக் காலுறை, வெயில் கண்ணாடி ஆகியவை போதும். கட்டிய சுமையோடு ஒருமுறை சிம்லா வரை சென்று திரும்புங்கள். போய் வந்தபின் பையைப் பிரித்துப் பார்த்தால், தொடாத பொருள் பாதியிருக்கும். அந்தப் பாதியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தாய்மார்கள் கட்டிக்கொடுக்க விரும்பினால், பொரிவிளங்காய் உருண்டையும் கடலை மிட்டாயும் சுக்குப் பொடியும் நல்ல துணை. உயரத்தில் பசி குன்றும். இனிப்பைத்தான் நாக்கு ஏற்கும். அரிசி கட்டித் தர வேண்டாம். லே நகரிலேயே தண்ணீர் ஏறத்தாழ 88 பாகையில் கொதித்துவிடும்; மேலே செல்லச் செல்ல இன்னும் குறையும்; குக்கர் இன்றிச் சோறு வேகாது.

தமிழ்நாட்டிலிருந்து தம் வண்டியை ரயிலில் அனுப்பிவிட்டு இங்கே வந்து சேர விரும்பும் உறவினர்க்கும் ஒரு வார்த்தை. பயணச் சீட்டு உள்ளோர் லக்கேஜாகவும், இல்லாதோர் பார்சலாகவும் பதிவு செய்யலாம். பெட்ரோல் தொட்டி முற்றும் காலியாக இருக்க வேண்டும். பதிவுச் சான்று, காப்பீடு, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல் வேண்டும். தொட்டி, முன்விளக்கு, பிடிகள் ஆகியவற்றுக்கு வைக்கோலும் சாக்கும் சுற்றி, கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் தெளிவாக எழுதிய அட்டையைக் கட்டுங்கள். வண்டி உங்களுக்கு முன்போ பின்போ வந்து சேரக்கூடும். உரிய நேரத்தில் எடுக்காவிடில் தாமதக் கட்டணம் ஏறும். பார்சல் பிந்துவதற்கும் அந்த மூன்று வெற்று நாட்களில் ஒன்று பயன்படும் என்பதைக் கண்டுகொள்ளுங்கள்.

துணை

இவ்வளவும் இருந்தும் நல்ல துணை இல்லையேல் பயனில்லை. நால்வர் செல்வது நன்று. வேகம் குறைந்தவரை முன்னே விட்டு, வண்டி பழுதுபார்க்கத் தெரிந்தவர் கடைசியில் வர வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். வெளிமாநிலத்து முன்பணக் கைபேசி இணைப்புகள் அங்கே இயங்குவதில்லை. பின்பண இணைப்பு ஒருவரிடமேனும் இருக்க வேண்டும். அதுவும் கணவாய்களுக்கிடையே பல மணி நேரம் கிட்டாது. நுப்ரா, பாங்கோங் ஏரி முதலிய எல்லைப் பகுதிகளுக்குரிய அனுமதி, கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் லே மாவட்ட அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களிடையே முன்கூட்டியே ஓர் உடன்பாடு வேண்டும்: ஒருவர் "என்னால் இயலவில்லை" என்றால், வாதமின்றி எல்லோரும் திரும்ப வேண்டும். என் முதற்பயணத்தில் நாங்கள் மூவர். பாரலாச்சா லாவுக்குச் சற்று முன், ஜிங்ஜிங்பார் என்னுமிடத்தில் ஒரு நண்பர்க்குக் கடுந்தலைவலியும் வாந்தியும் கண்டன. உச்சி இன்னும் சிறிது தூரம்தான். மூவரும் ஜிஸ்பாவுக்கு இறங்கினோம்; இரண்டு இரவு தங்கினோம். அவர் முற்றிலும் தேறினார். மூன்றாம் நாள் எவ்விதத் துன்பமும் இன்றிக் கணவாயைக் கடந்தோம். அந்த இரண்டு நாள் எங்களிடம் இருந்ததால்தான் இறங்கும் முடிவு எளிதாயிற்று. கையில் நாள் இல்லாதவனுக்கு அறிவு இருந்தும் பயன்படாது.

திரும்புவது தோல்வி என்று எண்ணுவோர்க்கு நம் சேக்கிழார் பெருமான் ஒரு செய்தி வைத்திருக்கிறார். திருநாவுக்கரசர் கயிலை நோக்கி வடதிசை நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், இறுதியில் உடல் ஓய்ந்து கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்புமாறு கூறியபோது அவர் இசையவில்லை. பின்னர் இறைவனின் ஆணை வானில் எழ, அதற்குப் பணிந்து தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். அப்பர் பாதி வழியில் திரும்பினார் என்று அவரைக் குறைத்துப் பேசியவர் எவரேனும் உண்டா?

அங்கே நாம் விருந்தாளிகள் என்பதையும் மறவாதீர்கள். மோரே சமவெளி முதலிய மேய்ச்சல் நிலங்களில் சாலையை விட்டு வண்டியை இறக்கினால், அந்தச் சக்கரத் தடம் பல ஆண்டு மறையாது. சாங்பா மக்களின் ஆடுகளும் கியாங் என்னும் காட்டுக் கழுதைகளும் அந்தச் சிறு புல்லை நம்பியே வாழ்கின்றன. 1960ஆம் ஆண்டு தோன்றிய எல்லைச் சாலைகள் நிறுவனத்தின் பணியாளர்கள், ஜார்க்கண்டு, பீகார் முதலிய தொலை மாநிலங்களிலிருந்து வந்து, நம்மைப் போலவே வீட்டைப் பிரிந்து, அந்தக் குளிரில் கல் உடைக்கின்றனர். அவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். தூசியை அவர்கள் முகத்தில் வாரி இறைக்காதீர்கள்.

நிறைவாக, இரு தரப்பாரிடமும் ஒவ்வொரு வேண்டுகோள். இளைஞர்களே, பதினேழு நாள் அட்டவணையை எழுதி உங்கள் பெற்றோரிடம் கொடுங்கள். எந்த நிலையில் திரும்பிவிடுவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். பெற்றோர்களே, அதைப் படித்து, மருத்துவரிடம் காட்டி, கேள்வி கேட்டு, பின்னர் மனமார ஆசி கூறுங்கள். கைபேசி கிட்டாத நாளில் பதறி, "எப்போது வந்து சேர்வாய்?" என்று விரட்டாதீர்கள். அவர்கள் கேலாங்கிலிருந்தே திரும்பி வந்தால், "இவ்வளவு ஆரவாரம் செய்து பாதியில் வந்துவிட்டாயே" என்று ஒருவரும் நகைக்காதீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே பல பிள்ளைகள் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் மேலே ஏறுகின்றனர். திரும்பி வந்த பிள்ளையை, லே சென்று வந்த பிள்ளையைப் போலவே வாசலில் நின்று வரவேற்போம் என்று இச்சபை உறுதி கூறுமாயின், ஏற்பாடுகளில் தலையாய ஏற்பாடு இன்றே முடிந்துவிட்டது எனலாம்.